பூவைத் தின்னும் வண்டு, பூவைத் திறக்கும் தேனீ

திருத்தணிப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் கடலைக்கு ஊடுபயிராகத் துவரை விதைத்திருந்தால், அது பூக்கும் நாள்களில் செடியருகே சற்று நின்று பாருங்கள். கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் பட்டை போட்ட கொப்புள வண்டு ஒரு பூவில் இருக்கும். அடுத்த பூவில், ஓர் அங்குல நீளமுள்ள தச்சுத் தேனீ கனத்த ரீங்காரத்தோடு வந்து இறங்கும்.

வண்டுக்கு மெல்லும் வாய். இதழ், மகரந்தம், சூலகம் என்று பூவையே தின்றுவிடும். அந்த இடத்தில் காய் பிடிக்காது. பரந்த துவரைக் காட்டில் இந்தச் சேதம் பெரிதாகத் தெரியாது. கால் ஏக்கர் போட்டவருக்கோ மொத்த வண்டும் அங்கேயே குவிவதால் அடி பலமாக விழும். கையால் நசுக்கவும் கூடாது. கால் மூட்டுகளில் கசியும் கேந்தாரிடின் என்ற நச்சு பட்ட தோல் சில மணி நேரத்தில் கொப்புளிக்கும்.

தேனீக்கு வேண்டியது தேனும் மகரந்தமும்தான். அது கீழிதழில் கால் ஊன்றி அழுத்தியதும், படகுபோல மூடியிருந்த இதழ்கள் விலகி, உள்ளிருக்கும் மகரந்தத் தாள்கள் அதன் வயிற்றில் உரசும். அந்தத் தூளோடு அது அடுத்த செடிக்குப் போகிறது. துவரை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் என்பது உண்மை. ஆனால் செடிவிட்டுச் செடி மகரந்தம் போவது தேனீக்களால்தான். ஐதராபாத் அருகே பட்டான்செருவிலுள்ள இக்ரிசாட் நிறுவனம் உருவாக்கி 1991-இல் வெளிவந்த ஐசிபிஎச் 8 என்ற வீரிய ஒட்டுத் துவரைக்கு விதை எடுக்க முடிந்ததும் இந்தத் தேனீக்களை நம்பித்தான்.

அதற்காக வண்டை முழு எதிரி என்று தீர்ப்பெழுத எனக்கு மனம் வரவில்லை. மண்ணில் இட்ட முட்டையிலிருந்து வெளிவரும் அதன் குஞ்சுப்புழு, நீண்ட கால்களோடு மண்வெடிப்புகளில் ஓடி வெட்டுக்கிளியின் முட்டைக்கூட்டைத் தேடிப் பிடிக்கும். உள்ளே புகுந்து தோலுரித்ததும் கால் குறுகி, கொழுத்த புழுவாகி, முட்டைகளைத் தின்று தீர்க்கும். கடலை இலையைக் கடிக்கும் வெட்டுக்கிளிகளில் ஒரு பகுதி இப்படித்தான் பிறக்காமலே போகிறது.

தச்சுத் தேனீயின் குஞ்சுகளோ காய்ந்த மரத்திலும் பட்ட மூங்கிலிலும் குடைந்த துளைகளில், தாய் சேர்த்து வைத்த மகரந்த உருண்டையைத் தின்று வளர்கின்றன. ஆகவே வரப்போரத்துப் பட்ட மரத்தை விறகுக்கு வெட்டாமல் விட்டுவையுங்கள். பூ நிற்கும்போது வண்டுக்கென்று மருந்து அடிக்காதீர்கள். தேனீயும் சேர்ந்து சாகும். வண்டு மிகுந்தால், விடியற்காலையில் அது மந்தமாக இருக்கும் நேரத்தில் கையுறை போட்டுக்கொண்டோ வலையாலோ பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.