வீட்டுக் கடனும் மதிப்பீட்டுக் கட்டணமும்

கடை வருமானத்தில் சேர்த்த பணத்தோடு வங்கிக் கடனும் பெற்றுச் சொந்த வீடு வாங்க முனையும் வணிகர்கள் நம்மில் பலர். கடன் மனு கொடுத்ததும் முதலில் வரும் செலவுகளில் ஒன்று மதிப்பீட்டாளர் கட்டணம். சில ஆயிரம் ரூபாய்தானே என்று யாரும் அதைப் பற்றி விசாரிப்பதில்லை. ஆனால் அந்த அறிக்கையில் எழுதப்படும் தொகை நம் வியாபார முதலையே தொடக்கூடியது. ஆகவே சற்று விரிவாகப் பார்ப்போம்.

மதிப்பீட்டாளர் வங்கியின் பட்டியலில் உள்ளவர். பெரும்பாலும் பொறியாளராக இருப்பார். நேரில் வந்து மனையின் நான்கு எல்லை, அளவு, கட்டடத்தின் வயது, வரைபட அனுமதியை மீறிக் கட்டியிருக்கிறதா என்பதையெல்லாம் பார்ப்பார். அடுக்குமாடியானால் பிரிபடாத மனைப் பங்கு எவ்வளவு என்று கணக்கிடுவார். அக்கம்பக்கத்துக் கிரயங்களையும் அரசு வழிகாட்டி மதிப்பையும் ஒப்பிட்டு மனைக்கு ஒரு மதிப்பும், தேய்மானம் கழித்துக் கட்டடத்துக்கு ஒரு மதிப்பும் போடுவார். கட்டணம் நம்முடையது; ஆனால் அவர் பார்ப்பது வங்கிக்காக. சுவர் விரிசலையும் கழிவுநீர்க் குழாயையும் நமக்காகச் சோதிப்பது அவர் வேலையல்ல. பழைய வீடானால் நமக்குத் தெரிந்த பொறியாளரைத் தனியாக அழைத்துப் போய்க் காட்டிவிடுவது நல்லது. மூட்டையைக் குத்திப் பார்க்காமல் அரிசி வாங்காத நாம், வீட்டுக்கு மட்டும் அந்த வழக்கத்தை விடுவானேன்?

இனி கணக்கு. ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடன் வீட்டின் மதிப்பில் 90 சதவீதம் வரை போகலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம். அதற்கும் மேலானால் 75 சதவீதம். இவை உச்ச வரம்புகள். விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதையே வங்கிகள் பொதுவாக எடுத்துக்கொள்ளும். 60 லட்சத்துக்குப் பேசிய வீட்டுக்கு 48 லட்சம் கடன் வரும் என்று நம்பியிருக்கிறோம். மதிப்பீடு 52 லட்சம் என்று வந்தால் கிடைப்பது 41 லட்சத்து 60 ஆயிரம். துண்டு விழும் 6 லட்சத்து 40 ஆயிரத்தைக் கொள்முதல் பணத்திலிருந்துதான் எடுக்க வேண்டிவரும். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம்; 60 லட்சத்துக்கு அது 5 லட்சத்து 40 ஆயிரம். வீட்டின் விலை 10 லட்சத்தைத் தாண்டினால் இந்தச் செலவை விலையோடு சேர்த்துக் கடன் கணக்கிட முடியாது.

முன்பணம் கொடுத்தபின் இது தெரியவந்தால் சங்கடம். ஆகவே கிரய ஒப்பந்தத்திலேயே, வங்கி இன்ன தொகைக்குக் குறைவாகக் கடன் கொடுத்தால் முன்பணம் திரும்பத் தரப்படும் என்று ஒரு ஷரத்து எழுதி வாங்குங்கள். விற்பவர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும். பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டச் சொல்பவரிடமும் எச்சரிக்கை தேவை. வங்கி பத்திர விலையைத்தான் பார்க்கும்.

கட்டணத்துக்கு வருவோம். கடன் மறுக்கப்பட்டாலும் இது பொதுவாகத் திரும்பி வராது. எனவே தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றை வழக்கறிஞர் பார்த்துச் சரியென்று சொன்ன பிறகு மதிப்பீட்டுக்கு அனுப்பும்படி வங்கியைக் கேளுங்கள். பத்திரத்தில் கோளாறு என்றால் மதிப்பீட்டுச் செலவாவது மிஞ்சும். வேறு வங்கிக்குக் கடனை மாற்றினால் பெரும்பாலும் மறுபடியும் மதிப்பீடு, மறுபடியும் கட்டணம். வட்டி குறைகிறது என்று ஓடுகிறவர்கள் இதையும் கூட்டிப் பார்க்க வேண்டும். மதிப்பீட்டாளர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவரானால் 18 சதவீத வரியும் சேரும்.

1-10-2024 முதல் புதிய வீட்டுக் கடன்களுக்கு வங்கி ஒரு முக்கிய விவர அறிக்கை தரவேண்டும். பிறருக்காக வங்கி வசூலிக்கும் கட்டணங்களும் அதில் தனியாகக் காட்டப்பட வேண்டும். அவற்றுக்கு ரசீதும் தரவேண்டும். அதில் சொல்லாத கட்டணத்தை நம் ஒப்புதல் இன்றிப் பின்னால் வசூலிக்க முடியாது. கையெழுத்துக்கு முன் அதைக் கேட்டு வாங்கி வரிவரியாகப் படியுங்கள்.

கீழே கடை, மேலே வீடு என்று வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மதிப்பீட்டாளர் கடைப் பகுதியைத் தனியாகக் குறிப்பார். முழுக் கட்டடத்துக்கும் வீட்டுக் கடன் வட்டி கிடைக்காமல் போகலாம். கடை இருப்பதை மனு கொடுக்கும்போதே சொல்லி, எந்தக் கடனில் சேர்ப்பார்கள் என்று எழுத்தில் கேட்டுக்கொண்டு, பிறகு மதிப்பீட்டுக் கட்டணம் கட்டுங்கள்.