கடலுக்கும் தோட்டத்துக்கும் ஒரு பற்றறி

1990களின் தொடக்கத்தில் குடாநாட்டில் வாழ்ந்த எவரும் அந்த இரவுகளை மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடை காரணமாக ரோச் லைற்றுக்குப் போடும் பற்றறிகூடக் கிடைக்கவில்லை. செய்தி நேரம் நெருங்கியதும் வீட்டு முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார்கள். ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி பேசும். சுற்றுபவரின் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சோர்ந்துவிடும். உள்ளே ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் பிள்ளைகள் பாடம் படித்தார்கள்.

அந்நாட்களில் உயிர் போன பற்றறியையும் எவரும் எறியவில்லை. வெயிலில் காயவைத்தார்கள். ஆணியால் துளையிட்டு உப்புத் தண்ணீர் விட்டார்கள். அதிலிருந்து இன்னும் சிறிது நேரம் வானொலி கேட்டார்கள். இல்லாமையே எமக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது.

அந்தக் கெட்டித்தனம் எமது சொத்து. அதை இழக்கக்கூடாது. ஆனால் அந்தக் காலத்து ஆணியை இந்தக் காலத்துப் பற்றறியில் குத்தினால் வெளிவருவது மின்சாரம் அல்ல, தீ. இந்தக் கட்டுரையின் நோக்கம் இரண்டு. கடலுக்குக் கொண்டுபோகக்கூடிய, பாரமற்ற பற்றறி ஒன்றை நாமே செய்வது எவ்வாறு என்று சொல்வது ஒன்று. அதைச் செய்யும்போது பழைய பழக்கங்களில் எவற்றைக் கைவிட வேண்டும் என்று சொல்வது மற்றொன்று.

தோட்டக்காரருக்கு ஏன் இது?

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களுள் தோட்டக்காரக் குடும்பங்கள் பல. செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் வைத்தவர்கள் முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் ஆண்டுக்கணக்கில் வாழ நேர்ந்தது. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 ஜூலை 3ஆம் திகதிதான் மக்களிடம் மீண்டது. இருபத்தேழு ஆண்டுகள்! அவ்வளவு காலமும் வயிறு காத்திருக்குமா? மண்வெட்டி பிடித்த கைகள் சில வலை பிடிக்கவும் பழகின. கரையோரத்தில் குடியேறிய சிலர் இன்றும் தோட்ட வேலை இல்லாத நாட்களில் கூலிக்குக் கடலுக்குப் போகிறார்கள்.

கடலை நன்கு அறிந்தவருக்கே இரவில் விளக்கும் ஜி.பி.எஸ். கருவியும் வேண்டியிருக்கின்றன. புதிதாகப் போகிறவருக்கு அவை இன்னும் முக்கியம். தோட்டத்துக்கு வேலி உண்டு. 1974ஆம், 1976ஆம் ஆண்டு உடன்படிக்கைகளால் வகுக்கப்பட்ட கடல் எல்லைக்கு வேலி இல்லை. கருவி அணைந்தால் எல்லை எங்கே என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்ல முடியாது. விளக்கு அணைந்தால் எதிரே வரும் பெரிய படகுக்கு எமது சிறிய படகும் தெரியாது, விரித்த வலையும் தெரியாது. ஆகவே படகில் பற்றறி வசதிக்கான பொருள் மட்டுமன்று, உயிருக்கான காவலும் ஆகும்.

பலர் பழைய வாகனப் பற்றறியைக் கொண்டுபோகிறார்கள். அது 10 கிலோவுக்கு மேல் பாரம். ஆழமில்லாத எமது கரையில் வாடியிலிருந்து படகுவரை இடுப்பளவு தண்ணீரில் அதைத் தோளில் சுமக்க வேண்டும். படகு சரிந்தால் உள்ளிருக்கும் அமிலமும் சிந்தும். மூடிய சிறிய ஈயப் பற்றறி 2 கிலோவுக்கு மேல் நிறுக்கும். அதிலும் பாதியளவு மின்சாரத்தையே பாவிக்கலாம். முழுவதையும் இறக்கினால் விரைவில் பழுதாகும்.

முதலில் கணக்கு

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத எமது குடாநாட்டிலும் இந்தப் பழமொழி உண்டு. கிணற்று நீரை அளந்து இறைத்தவர்களுக்கு மின்சாரக் கணக்கு கடினமானதல்ல.

வோல்ற் என்பது தொட்டி நிற்கும் உயரம். அம்பியர் என்பது வாய்க்காலில் ஓடும் நீரின் அளவு. அம்பியர்-மணி என்பது தொட்டியில் உள்ள நீர் முழுவதும். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

மீன் இருக்கும் இடத்தையும் கடலின் ஆழத்தையும் காட்டும் சிறிய கருவி ஒன்று 0.5 அம்பியர் எடுக்கிறது என்று வைப்போம். உங்கள் கருவியின் சரியான அளவு அதன் கையேட்டில் இருக்கும். 6 மணித்தியாலத்துக்கு 3 அம்பியர்-மணி வேண்டும். 3 வாற்று எல்.ஈ.டி. விளக்கு ஒன்று 12 வோல்ற்றில் 0.25 அம்பியர் எடுக்கும். 6 மணித்தியாலத்துக்கு 1.5. இரண்டும் சேர்ந்து 4.5 அம்பியர்-மணி. எதிர்பாராத தாமதத்துக்குக் காற்பங்கு கூட்டினால் ஏறத்தாழ 5.6. எனவே 6 அம்பியர்-மணி கொண்ட பற்றறி இந்தப் படகுக்குப் போதும். அதற்கு மேல் வாங்குவது வீண் செலவு. அதற்குக் கீழ் வாங்குவது ஆபத்து.

எந்தக் கலத்தைத் தெரிவு செய்வது?

நாம் பற்றறி என்று சொல்வது பல கலங்களின் சேர்க்கை. ஜப்பானின் சோனி நிறுவனம் முதலாவது லித்தியம்-அயன் பற்றறியைச் சந்தைக்குக் கொண்டுவந்த ஆண்டு 1991. நாம் டைனமோ சுற்றிக்கொண்டிருந்த அதே காலம்! அதன்பின் 1997இல் அமெரிக்காவின் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் குட்இனஃப் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் லித்தியத்துடன் இரும்பும் பொஸ்பேற்றும் சேர்ந்த பொருளைப் பற்றறிக்குப் பயன்படுத்தலாம் என்று காட்டினார்கள். அவருக்கு 2019இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

எமது வேலைக்கு ஏற்றது இந்த இரும்புப் பொஸ்பேற்று வகைதான். மற்ற லித்தியம் வகைகளைவிட இது வெப்பத்தைத் தாங்கும்; எளிதில் தீப்பற்றாது. நன்கு பேணினால் 2,000 தடவை வரை மின்னேற்றலாம். ஒரு கலம் 3.2 வோல்ற். நான்கைத் தொடராக இணைத்தால் 12.8 வோல்ற். 32 மில்லிமீற்றர் விட்டமும் 70 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட 6 அம்பியர்-மணிக் கலம் ஏறத்தாழ 140 கிராம் நிறுக்கும். நான்கு கலங்கள், பெட்டி, கம்பி எல்லாம் சேர்ந்தாலும் ஒரு கிலோவுக்குள் அடங்கும்.

பழைய மடிகணினிப் பற்றறியை உடைத்துக் கலங்களை எடுத்துப் பாவிக்கலாமே என்று இளைஞர்கள் கேட்பார்கள். வெளிச்சத்துக்குப் படகில் அதைக் கொண்டுபோக வேண்டாம். அவற்றின் வயதும் உள்நிலையும் எமக்குத் தெரியாது. அவ்வகைக் கலம் நசுங்கினாலோ துளைபட்டாலோ அளவுக்கு மிஞ்சி மின்னேறினாலோ உள்ளே வெப்பம் தானாகப் பெருகித் தீப்பிடிக்கும். ஒரு கலத்தின் தீ பக்கத்துக் கலத்துக்குத் தாவும். பெற்றோல் தாங்கி பக்கத்தில் இருக்கும் படகில், நடுக்கடலில், எங்கே ஓடுவது?

செய்யும் முறை

தேவையானவை: ஒரே வகையைச் சேர்ந்த நான்கு புதிய கலங்கள்; நான்கு இரும்புப் பொஸ்பேற்றுக் கலங்களுக்கென்றே செய்யப்பட்ட, 10 அம்பியர் தாங்கும் பாதுகாப்புப் பலகை; 5 அம்பியர் உருகி; 1.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி. இறப்பர் வளையம் உள்ள மூடியுடைய பிளாஸ்ரிக் பெட்டி. வோல்ற் அளக்க ஒரு மல்ரிமீற்றர். திருகாணியால் பூட்டக்கூடிய கலங்களையோ தகடு ஏற்கெனவே ஒட்டப்பட்ட கலங்களையோ கேட்டு வாங்குங்கள். கலத்தின் உடலில் நேரடியாகப் பற்றாசு பிடித்தால் அந்த வெப்பமே கலத்தைக் கெடுத்துவிடும்.

1. மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். உலோகம் இரு முனைகளையும் தொட்டால் கை வெந்துவிடும்.

2. ஒவ்வொரு கலத்தையும் அளந்து எழுதுங்கள். ஒன்றுக்கொன்று 0.05 வோல்ற்றுக்கு மேல் வேறுபட்டால், அல்லது ஏதாவது 2.5 வோல்ற்றுக்குக் கீழே காட்டினால் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

3. ஒரு கலத்தின் நேர் முனையை அடுத்த கலத்தின் மறை முனையோடு இணையுங்கள். இவ்வாறு நான்கையும் இணைத்தபின் இரு அந்தங்களிலும் ஏறத்தாழ 13 வோல்ற் காட்ட வேண்டும்.

4. பாதுகாப்புப் பலகையின் மெல்லிய கம்பிகளை வரிசை மாறாமல் இணையுங்கள். பலகையில் செருகுமுன் மறை அந்தத்திலிருந்து ஒவ்வொரு கம்பியையும் அளந்து பாருங்கள். 3.2, 6.4, 9.6, 12.8 என்று படிப்படியாக ஏற வேண்டும். வரிசை பிழைத்தால் பலகை எரிந்துவிடும்.

5. நேர் முனைக்கு மிக அருகில் உருகியை வையுங்கள். கம்பி எங்காவது உராய்ந்து ஒன்றையொன்று தொட்டால் முதலில் உருகி அறும். பற்றறியும் படகும் தப்பும்.

6. கலங்கள் அசையாதபடி இறப்பர் துண்டுகளால் இறுக்கிப் பெட்டிக்குள் வையுங்கள். கம்பி வெளியே வரும் துளையை நன்கு அடையுங்கள். வெளிமுனைகளில் கிறீஸ் பூசுங்கள். உப்புக் காற்று செப்பைத் தின்னும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஆனால் இரு பக்கமும் பசை பூசி அடைத்த பீ.வீ.சீ. குழாயைப் பெட்டியாகப் பாவிக்க வேண்டாம். உள்ளே வாயு உண்டானால் அது வெளியேற வழியில்லாமல் குழாய் வெடிக்கும். மூடி என்பது தண்ணீரைத் தடுக்கவும் வேண்டும், அழுத்தம் கூடினால் திறந்துகொள்ளவும் வேண்டும்.

பாதுகாப்புப் பலகை இல்லாமலும் பற்றறி வேலை செய்யும். பணம் மிச்சம் என்று சிலர் சொல்வார்கள். தண்ணீர் கட்டுபவர் மடையை அடைக்காமல் போனால் ஒரு பாத்தி வெள்ளமாகும், மற்றது காயும். பலகை செய்வதும் அந்த வேலைதான். எந்தக் கலமும் அளவுக்கு மேல் நிரம்பாமலும் அளவுக்குக் கீழ் வற்றாமலும் அது மடையை அடைக்கிறது.

மின்னேற்றமும் சோதனையும்

இந்த வகைக்கென்று செய்யப்பட்ட 14.6 வோல்ற் மின்னேற்றியையே பாவியுங்கள். 2 அம்பியர் மின்னேற்றி என்றால் 3 மணித்தியாலத்துக்குச் சற்று மேல் போதும். சூரியத் தகட்டில் ஏற்றுவதானால், இந்தக் கலத்துக்குரிய அமைப்பு உள்ள கட்டுப்படுத்தி அவசியம். 20 வாற்றுத் தகட்டில் ஏறத்தாழ ஒரு முழு வெயில் நாள் எடுக்கும். தகடு வெயிலில் இருக்கட்டும்; பற்றறி நிழலில் இருக்கட்டும். வாடைக் காலத்தில் கடலுக்குப் போகாத நாட்களில் பாதியளவு மின்னேற்றி, கம்பிகளைக் கழற்றி, பிள்ளைகள் கைக்கு எட்டாத குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

கொண்டுபோகுமுன் ஓர் இரவு வீட்டு முற்றத்தில் விளக்கையும் கருவியையும் பூட்டி விடுங்கள். எத்தனை மணித்தியாலம் நிற்கிறது என்று எழுதி வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை இதைத் திரும்பச் செய்யுங்கள். தரையில் ஆறு மணித்தியாலம் நில்லாதது கடலில் நிற்காது. எல்லாவற்றையும் ஒரே பற்றறியில் தொங்கவிடவும் வேண்டாம். கையடக்க ஜி.பி.எஸ்.ஸுக்குத் தனிப் பற்றறிகளும், அவற்றைவிட ஒரு சோடியும், ஒரு திசைகாட்டியும் நீர் புகாத பையில் எப்போதும் படகில் இருக்கட்டும்.

பகலில் தோட்டத்துக்கு

கடலால் வந்த பற்றறி பகலில் சும்மா இருக்க வேண்டியதில்லை. முதுகில் சுமக்கும் 12 வோல்ற் மருந்து தெளிகருவிகளில் பாரமான ஈயப் பற்றறியே பெரும்பாலும் இருக்கிறது. அதன் மோட்டார் 2 முதல் 3 அம்பியர் வரை எடுக்கும். எமது பற்றறி அதை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் இயக்கும். 16 லீற்றர் மருந்தைச் சுமக்கும் முதுகுக்கு ஒன்றரைக் கிலோ குறைந்தாலும் ஆறுதல்தான். தெளிகருவியோடு வந்த பழைய மின்னேற்றியை மட்டும் இதற்குப் பூட்ட வேண்டாம். அன்றிரவு கடலுக்குப் போவதானால் பற்றறியை மீண்டும் முழுமையாக மின்னேற்றிக்கொண்டே புறப்படுங்கள்.

ஒவ்வொரு குடும்பமும் மல்ரிமீற்றரும் மின்னேற்றியும் தனித்தனியே வாங்கத் தேவையில்லை. கிராமத்துச் சங்கம் ஒன்று வாங்கி வைக்கலாம். முதற்பற்றறியை நாலைந்து பேர் கூடியிருந்து செய்யுங்கள். ஒருவர் இணைக்க மற்றவர் அளந்து சரிபார்க்கட்டும். கணக்குப் படிக்கும் பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்துங்கள். பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான். பழுதான கலங்களைக் கிணற்றடியிலோ குப்பையிலோ எறியாமல் சேர்த்து வைத்து, அவற்றைப் பொறுப்பேற்கும் இடத்தில் ஒப்படையுங்கள். எமது குடிநீர் எமது கால்களுக்குக் கீழேதான் இருக்கிறது.

அன்று முற்றத்தில் டைனமோ சுற்றிய கை, இல்லாததைக் கொண்டு வெளிச்சம் உண்டாக்கியது. இன்று கலம் கிடைக்கிறது, அறிவும் கிடைக்கிறது. அந்தக் கை இன்று ஆணியை வைத்துவிட்டு அளவுமானியை எடுக்கட்டும். இரவில் கடலுக்குப் போனவர் விடியற்காலையில் கரைக்குத் திரும்ப வேண்டும். வாடியில் காத்திருப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய மீன்பாடு வேறில்லை.