இந்த வரியைப் படிக்காம இருக்க முடியுமா? வாசிக்கும்போது மூளையில் என்ன நடக்குது?

அடுத்து வரும் சொல்லைப் பாருங்க, ஆனா படிக்காதீங்க: மாம்பழம்.

முடியலைதானே? கண்ணில் பட்ட உடனே பழமே மனசுக்குள் வந்திருக்கும். படிக்கத் தெரிந்த ஒருவரால், தெரிந்த மொழியில் உள்ள சொல்லை வெறும் கோடாகப் பார்க்க முடியாது. அந்த அளவுக்கு வாசிப்பு நமக்குள் ஊறிப்போச்சு. அதனாலேயே அதை ஒரு பெரிய திறமையாக நாம் நினைப்பதில்லை.

ஆனால், இந்தத் திறமை நமக்கு எப்படி வந்தது? படிக்கத் தெரிந்த பலருக்கும் புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி வருவது ஏன்? பார்க்கலாம்.

நிறுத்த முடியாத பழக்கம்

1935-ல் அமெரிக்க உளவியலாளர் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் ஒரு சோதனையை வெளியிட்டார். ‘சிவப்பு’ என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சடித்துக் காட்டி, மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அந்தச் சோதனை. கலந்துகொண்டவர்கள் தடுமாறினார்கள், வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். காரணம், நிறத்தைச் சொல்ல வாய் திறப்பதற்குள் மூளை அந்தச் சொல்லைப் படித்துவிடுகிறது.

பேச்சு தானா வரும், படிப்பு வராது

வீட்டில் பேசுவதைக் கேட்டுக்கேட்டே குழந்தை பேசிவிடும். ஆனால் புத்தகங்களுக்கு நடுவில் வளர்ந்தாலும், யாராவது எழுத்தைக் காட்டி ஒலியைச் சொல்லித் தந்தால்தான் பொதுவாகப் படிப்பு வரும். மனிதன் எழுதத் தொடங்கி சுமார் 5,000 ஆண்டுகள்தான் ஆகிறது. வாசிப்புக்கென்று மூளையில் தனி இடம் உருவாக அந்தக் காலம் போதாது.

அப்போ மூளை என்ன செய்கிறது? ஏற்கெனவே முகங்களையும் பொருட்களையும் அடையாளம் காணும் இடப்பக்கப் பகுதியில் ஒரு சிறு இடத்தை எழுத்துக்காக ஒதுக்கிக்கொள்கிறது. இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவர் பிரான்ஸ் நரம்பியல் விஞ்ஞானி ஸ்டானிஸ்லாஸ் டெஹேன். அவரது குழு பிரேசில், போர்ச்சுகலைச் சேர்ந்த 63 பேரிடம் ஆய்வு நடத்தி, 2010-ல் முடிவுகளை வெளியிட்டது. படிக்காதவர்கள், சிறுவயதில் படித்தவர்கள், பெரியவர்களான பிறகு படிக்கக் கற்றவர்கள் என மூன்று தரப்பினரும் அதில் இருந்தார்கள்.

முக்கியமான முடிவு இதுதான்: வயதான பிறகு எழுத்துக் கற்றவர்களின் மூளையிலும் அந்த மாற்றங்களில் பெரும்பாலானவை நடந்திருந்தன. ‘இந்த வயசுல எனக்கு என்ன வரும்?’ என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

சுவை எப்போது வரும்?

புதிதாகப் படிக்கும் குழந்தையைக் கவனித்திருப்பீர்கள். ‘ப... ட... கு... படகு’ என்று கூட்டிக்கூட்டிப் படிக்கும். வரி முடிவதற்குள் ஆரம்பம் மறந்துபோகும். கவனம் முழுக்க எழுத்திலேயே செலவானால், கதைக்கு மிச்சம் எதுவும் இருக்காது.

தமிழில் 247 எழுத்துகள். கால், கொம்பு, சுழி எல்லாம் கண்ணுக்குப் பழகி, சொல்லைப் பார்த்ததும் பொருள் தெரியும் நிலைக்கு வந்த பிறகுதான் கதைக்குள் நுழைய முடியும். உங்களுக்கே சந்தேகமா? 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முன் அச்சான பழைய புத்தகம் ஒன்றைத் திறந்து பாருங்க. தும்பிக்கை போல வளைந்த ‘லை’, ‘னை’ வரும் இடத்தில் கண் ஒரு நொடி நின்று போகும். அந்த ஒரு நொடித் தடுமாற்றம், புதிதாகப் படிப்பவருக்கு ஒவ்வொரு எழுத்திலும் இருக்கும்.

புதுக்கோட்டை சொல்லும் பாடம்

1991 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் சுமார் 51 சதவீதம்தான். அந்தக் காலகட்டத்தில்தான் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பகலெல்லாம் உழைத்த பெண்கள், இரவில் விளக்கு வெளிச்சத்தில் ‘அ’ எழுதினார்கள். கூடவே ஆயிரக்கணக்கானோர் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள்.

இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். ஹேண்டில்பாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விழாமல் ஓட்டப் போராடும்போது ரோட்டோர மரம் கண்ணில் படாது. கை பழகிய பிறகுதான் வேடிக்கை பார்க்க முடியும்.

கைநாட்டு வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவதும், யாரையும் கேட்காமல் பஸ் போர்டைப் படிப்பதும் பெரிய விடுதலைதான். ஆனால் வகுப்பு முடிந்த பிறகு படிக்க எதுவுமே கையில் கிடைக்காவிட்டால், கற்ற எழுத்தும் மெல்ல மறந்துபோகும். புதிதாக எழுத்துக் கற்றவர்களுக்கென்று பெரிய எழுத்தில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் அச்சிடப்பட்டதற்கு இதுவே காரணம்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு சுமார் 80 சதவீதம். 7 வயதுக்கு மேற்பட்ட ஒருவர், ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்திருந்தால் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவார். கடைசியாக எப்போது ஒரு புத்தகத்தை முடித்தீர்கள் என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை.

புத்தகத்துக்கு நீங்க ஏற்கெனவே பணம் கட்டியாச்சு

சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம், 1948-ல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அதற்காக நீண்ட காலம் போராடியவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். சட்டத்தின் கீழ், சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. இன்று அது ரூபாய்க்கு 10 பைசா. அதாவது, சொத்து வரி கட்டும் ஒவ்வொரு குடும்பமும் புத்தகம் வாங்கப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் தொடங்கி உங்க ஊர் கிளை நூலகம் வரை கதவு திறந்துதான் இருக்கு.

எங்கிருந்து தொடங்கலாம்?

* ‘படிக்க வேண்டிய’ பெரிய நாவலோடு தொடங்காதீங்க. ஒரே மூச்சில் முடியும் சிறுகதை போதும்.
* முதல் சில பக்கங்கள் ஓடாது, இது சகஜம். கண் பழகக் கொஞ்சம் நேரம் கொடுங்க.
* பிடிக்கவில்லை என்றால் மூடிவிட்டு வேறு எடுங்க. இதில் பரீட்சை கிடையாது.
* வீட்டில் படிக்கத் தெரியாத பெரியவர் இருந்தால், சத்தமாக வாசித்துக் காட்டுங்க. ஆசைப்பட்டால், எழுத்தையும் சொல்லிக்கொடுங்க.