பேதி மாத்திரையை விடுங்கள், குடலுக்குச் சோறு போடுங்கள்

மலச்சிக்கல் என்று வருகிறவர்களில் பலர் மாதக்கணக்கில் நிலாவரைச் சூரணத்தையோ பேதி மாத்திரையையோ விழுங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். “முன்ன மாதிரி கேக்க மாட்டேங்குது டாக்டர்” என்பார்கள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் இட்லி, வெள்ளைச் சோறு, மாலையில் பிஸ்கட். காய் என்பது தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டி.

பட்டினி கிடப்பது யார்?

சின்ன வெங்காயம், பூண்டு, பயறு, வாழைக்காய் இவற்றிலுள்ள சில நார்களும் மாவுப்பொருள்களும் நமக்குச் செரிப்பதில்லை. பெருங்குடல் பாக்டீரியாக்களுக்கு அவைதான் உணவு. 1995 முதல் இத்தகைய உணவுக்கு ‘ப்ரீபயாடிக்’ என்று பெயர். அவற்றைப் புளிக்கவைத்து பாக்டீரியாக்கள் உண்டாக்கும் பியூட்டிரேட், பெருங்குடல் உட்சுவர்ச் செல்களுக்கு முக்கிய எரிபொருள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நம்பிக்கைகளும் உண்மையும்

“மாதம் ஒருமுறை பேதிக்குக் குடித்தால் குடல் சுத்தமாகும்.” குடலுக்கு அந்தக் கழுவல் தேவையே இல்லை. வெளியேறுவது நீரும் உப்பும்தான். குழந்தைக்கு விளக்கெண்ணெய் புகட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

“பழைய சோறு சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது.” சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறுவது உண்மை. அது சிறு பகுதிதான்; மீதி சர்க்கரையாகவே ரத்தத்தில் சேரும். இதை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறவர்களை என்ன சொல்வது?

“பயறு வாயு.” பாக்டீரியா வேலை செய்தால் வாயு வரத்தான் செய்யும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். கொஞ்சமாகத் தொடங்கிக் கூட்டுங்கள். எரிச்சல் குடல் நோய் உள்ள சிலருக்கு மட்டும் வெங்காயமும் பூண்டும் உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாது.

“இசப்கோல் குடிக்கிறேனே, போதாதா?” நிறைய தண்ணீரோடு குடித்தால் அது மலத்தை இளக்கும், நல்லதே. ஆனால் குடல் பாக்டீரியாக்கள் அதை அதிகம் உண்பதில்லை. சுண்டல் செய்வதை அது செய்யாது.

காத்திருக்கக் கூடாதவை

மலத்தில் ரத்தம், எடைக் குறைவு, ரத்தசோகை, நடுவயதில் திடீரென மாறிய மலப்போக்கு: இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள். “மூலமாத்தான் இருக்கும்” என்று நீங்களே முடிவுகட்டிக் களிம்பு வாங்காதீர்கள். காரணத்தை அறிய ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் கொலோனோஸ்கோப்பியும் செய்ய வேண்டியிருக்கும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

பிள்ளைகளின் டிபன் டப்பாவில் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி சுண்டல் வையுங்கள். சாம்பாரில் சின்ன வெங்காயத்தைத் தாராளமாகப் போடுங்கள். வாழைப்பூ ஆய நேரமில்லை என்றால் அவரைக்காய் போதும், கீரை போதும். வருடக்கணக்கில் பேதி மருந்து எடுப்பவர்கள் அதை எப்படிக் குறைப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்த டப்பா வாங்குவதற்கு முன்பே வாருங்கள்.