திண்டுக்கல் வட்டாரச் சொல்லாய்வும் கூறெடுப்பு முறையும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். ஒரே நீரில், ஒரே தீயில் வெந்த சோறாதலின் ஒரு பருக்கை ஏனையவற்றுக்குச் சான்றாகின்றது. மக்கட்கூட்டமோ அங்ஙனம் ஒருசேர வெந்ததன்று. ஆதலின், ஒரு வட்டாரத்தின் சொல்வழக்கை எண்ணிக் கணக்கிட்டுரைக்கப் புகுவோர், எவரெவரை வினவுவது என்பதை முதற்கண் வரையறுத்தல் வேண்டும். தமிழாய்விலும் விழுக்காடுகள் இடம்பெறும் இந்நாளில், இதனைத் திண்டுக்கல் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

கிரியர்சன் நடத்திய இந்திய மொழியளவை 1903 முதல் 1928 வரை தொகுதிகளாக வெளிவந்தது. சென்னை மாகாணம் அவ்வளவையின் எல்லைக்குப் புறம்பாக விடப்பட்டது. அளக்கப்பட்ட பகுதிகளில், விவிலியத்து ஊதாரி மைந்தன் கதையின் மொழிபெயர்ப்பு, கிளைமொழிதோறும் மாதிரியாகப் பெறப்பட்டது. அம்மாதிரி, ஒரு கிளைமொழி இத்தகையது எனக் காட்டும். அதனைப் பேசுவோருள் எத்தனை பேர் ஒரு சொல்லை ஆள்கின்றனர் எனக் காட்டாது. ‘உண்டா?’ என்பது ஒரு வினா, ‘எத்துணை?’ என்பது மற்றொரு வினா. முன்னதற்குச் சொல்லறிந்த முதியவர் ஒருவரே போதும். பின்னதற்கு அவர் போதார். கூறெடுப்பு முறைகளின் வேறுபாடெல்லாம் இவ்விரு வினாக்களின் வேறுபாட்டினின்றே தோன்றுவனவாம்.

திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பூட்டுத் தொழிற்சொற்களைத் தொகுக்க விரும்புவோர், கைதேர்ந்த தொழிலாளரையே நாடுதல் முறை. இது நோக்கமுறைக் கூறெடுப்பு எனப்படும். ஆயின், அவரிடம் பெற்ற செய்தியைக் கொண்டு, ‘நகரத்து இளைஞருள் இத்தனை விழுக்காட்டினர் இச்சொற்களை அறியார்’ என எழுதுதல் பொருந்தாது. பேருந்து நிலையத்தில் எதிர்ப்பட்டோரை வினவி எழுதுதலும் அத்தகையதே. பயணம் செய்யாதார் அங்கு இலர். எண்ணிக்கை மிகுதி இக்குறையைப் போக்காது. 1936-இல் அமெரிக்க இதழொன்று 20 இலட்சத்துக்கு மேற்பட்ட விடைகளைத் திரட்டியும், குடியரசுத் தலைவர் தேர்தலில் லாண்டன் வெல்வார் எனப் பிழைபடக் கூறிற்று. ரூசுவெல்ட்டு 48 மாநிலங்களுள் 46-இல் வென்றார்.

‘எத்துணை?’ என வினவுவோர் முதலில் முழுமைத் தொகுதியை வரையறுத்தல் வேண்டும். கொடைக்கானல் மலைப்பகுதி அடங்குமா? இல்லத்தில் தெலுங்கோ சௌராட்டிரமோ பேசுவோர் அடங்குவரா? அடுத்து வேண்டுவது பெயர்ப்பட்டியல். வாக்காளர் பட்டியல் வயதும் பாலும் தருதலின் பெரிதும் பயன்படும். எனினும் 18 வயது நிரம்பாதார் அதில் இலர் என்பதை மறத்தலாகாது.

திண்டுக்கல் நகரும், சின்னாளபட்டி போன்ற நெசவூர்களும், வேடசந்தூர்ப் பகுதியின் உழவூர்களும் சொல்வழக்கில் வேறுபடக்கூடும். ஆதலின் அவற்றைத் தனித்தனி அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கினின்றும் குலுக்கல் முறையால் தெரிந்தெடுத்தல் நன்று. இஃது அடுக்குமுறைக் கூறெடுப்பாம். குலுக்கலின் பயன், நம் விருப்பு வெறுப்புத் தேர்வில் புகாமற் காத்தலேயாகும்.

எத்தனை பேர் வேண்டும்? 95 விழுக்காட்டு உறுதியுடன், 5 விழுக்காட்டுப் பிழையெல்லைக்குள் முடிவு காண, எளிய குலுக்கலில் 385 பேர் போதும். திண்டுக்கல் நகராயினும் தமிழ்நாடு முழுமையாயினும் இவ்வெண் பெரிதும் மாறுவதில்லை. ஆயின், செலவு கருதிச் சில ஊர்களை மட்டும் தெரிந்து, ஊருக்கு 20 பேரை வினவின், கணக்கு மாறும். ஓரூரார் பேச்சு ஒத்திருக்குமாதலின், இருபதின்மரும் இருபது தனிச் சான்றுகள் ஆகார். அவ்வொற்றுமையின் அளவு 0.05 எனக் கொள்ளின், 19-ஐ அதனாற் பெருக்கி 1 கூட்ட, 1.95 மடங்கு வரும்; அப்போது ஏறத்தாழ 750 பேர் வேண்டும்.

தெரிந்தெடுத்தவர் பகலில் இல்லத்தில் இல்லையெனின், அண்டை வீட்டாரை வினவித் திரும்புதல் தவறு. நூற்பாலைக்குச் சென்றோர் அவ்வாறே விடுபட்டுப் போவர். மாலையிலோ விடுமுறையிலோ மீண்டும் செல்லுதலே வழி.

1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வுக்கு வழிகாட்டிய மகலனோபிசு, ஒரே தொகுதியினின்றும் இரு கூறுகளைத் தனித்தனியே எடுத்து, வெவ்வேறு குழுவினரைக் கொண்டு வினவச் செய்யும் முறையை வகுத்தார். இரு முடிவுகளும் பெரிதும் மாறுபடின், பிழை வெளிப்படும். சொல்லாய்விலும் ஆய்வாளர் இருவர் இங்ஙனம் இயங்கலாம்.

ஆய்வு வடிவமும் வினாவுக்கு ஏற்ப அமைதல் வேண்டும். முதியோர் அறிந்த சொல்லை இளையோர் அறியாமை ஒருகால ஆய்வில் புலப்படும். அதுகொண்டே அச்சொல் மறைகின்றது எனத் துணிதல் கூடாது. இளையோர் தொழிலில் புகுந்தபின் அதனைக் கற்றலும் கூடும். வழக்கு மாறியதை நிறுவ, ஆண்டுகள் கழித்து மீண்டும் வினவும் ஆய்வே ஏற்றது.

முனைவர்ப் பட்ட ஏடொன்றில் எழுதப்படும் விழுக்காடு, பின்வருவோரால் மேற்கோளாக எடுத்தாளப்படும். வினவத்தக்காரை வினவாமையால், வாழும் சொல்லொன்று வழக்கிழந்ததாக அகராதியில் குறிக்கப்படவுங்கூடும். ஆதலின் எவரை, எங்ஙனம் தெரிந்தெடுத்தோம், எத்தனை பேர் விடையளித்திலர் என்பவற்றை முடிவோடு உடன் எழுதுதல் ஆய்வாளர் கடன் என்பது எம் கருத்தாகும்.