பன்னிரண்டு வருஷத்துக் கதை

"எழுதணும்னு ஆசைதான், நேரம் எங்கே இருக்கு?" என்று அலுத்துக்கொள்ளாத பெண்கள் நம்மில் குறைவு. கதை எழுதுவதாக இருக்கட்டும், பாதியில் நிற்கும் எம்ப்ராய்டரியாக இருக்கட்டும், விட்டுப்போன வீணைப் பாடமாக இருக்கட்டும், எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். குழந்தை பள்ளிக்கூடம் போகட்டும், மாமியாருக்கு உடம்பு தேறட்டும், நாத்தனார் கல்யாணம் முடியட்டும்! ஒன்று முடிந்தால் அடுத்தது வாசலில் வந்து நிற்கும்.

இப்படிக் காத்திருக்கும் சகோதரிகளுக்கு ஜே.ஆர்.ஆர். டோல்கீன் என்ற ஆங்கில எழுத்தாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. 2001 முதல் 2003 வரை மூன்று சினிமாக்களாக வந்ததே 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்', அந்த நாவலை எழுதியவர் இவர்தான். நம்முடைய விக்கிரமாதித்தன் கதை மாதிரி மந்திரவாதி, பூதம், மாய மோதிரம் எல்லாம் வரும் மாயாஜாலக் கதை. ஆயிரம் பக்கத்துக்கு மேல் நீளம். அதை எழுதி முடிக்க அவருக்குப் பன்னிரண்டு வருஷம் பிடித்தது. சோம்பல் காரணமில்லை. உத்தியோகம்!

பரீட்சைப் பேப்பரில் பிறந்தது

டோல்கீன் 1892-ல் பிறந்தவர். 1925 முதல் ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகத்தில் பழைய ஆங்கில மொழிக்குப் பேராசிரியர். மூன்று பிள்ளைகள், ஒரு பெண். சம்பளம் போதாமல், கோடை விடுமுறையில் பள்ளிப் பரீட்சைப் பேப்பர்களைக் கட்டுக் கட்டாக வாங்கித் திருத்தி வந்தார். ஒருநாள் யாரோ ஒரு மாணவன் ஒரு பக்கத்தை வெறுமனே விட்டிருந்தான். அதில் தோன்றியபடி ஒரு வரி எழுதினார். அந்த ஒரு வரிதான் பிறகு 'தி ஹாபிட்' என்ற சிறுவர் கதையாக வளர்ந்தது.

அதைப் பிரசுரிக்கலாமா என்று பதிப்பாளர் யாரிடம் கேட்டார் தெரியுமா? தம்முடைய பத்து வயது மகன் ரெய்னரிடம்! பையன் படித்துவிட்டு, "நன்றாக இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்து ஒரு ஷில்லிங் கூலியும் வாங்கிக்கொண்டான். 1937-ல் புத்தகம் வந்து நன்றாக விற்கவே, இன்னொன்று வேண்டும் என்றார்கள். அந்த டிசம்பரில் டோல்கீன் புது நாவலை ஆரம்பித்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து.

நின்று நின்று போன பேனா

பகலில் பாடம், மீட்டிங், மாணவர்களின் கட்டுரை. பேனாவைப் பிடிக்க மிஞ்சியது ராத்திரிதான். 1939-ல் யுத்தம் வந்தது. விமானத் தாக்குதல் காவல் வேலையும் சேர்ந்துகொண்டது. காகிதத்துக்கும் தட்டுப்பாடு. பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினார். பென்சிலில் எழுதி, பிறகு அதன் மேலேயே மசியால் எழுதினார். கதையில் பயணக்கூட்டம் இருட்டுச் சுரங்கத்துக்குள் நுழைந்த இடத்தில், கிட்டத்தட்ட ஒரு வருஷம் பேனா நகரவில்லை என்று அவரே முன்னுரையில் சொல்கிறார். அப்புறமும் பல தடவை நின்றது.

மறுபடி ஓட வைத்தது எது? கேட்கிற காதுதான். வியாழக்கிழமை இரவுகளில் நாலைந்து நண்பர்கள் கூடுவார்கள். எழுதிய வரைக்கும் அவர்களிடம் வாசித்துக் காட்டுவார். அவர்களில் ஒருவரான சி.எஸ். லூயிஸ் என்ற எழுத்தாளர் விடாமல் தூண்டிக்கொண்டே இருந்தார். 1944-ல் மகன் கிறிஸ்டோபர் விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, எழுத எழுத அத்தியாயங்களைத் தபாலில் அவனுக்கு அனுப்பினார். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்காக எழுதுகிறோம் என்றதும் கை தானாக ஓடியிருக்கும் அல்லவா?

1949-ல் கதை முடிந்தது. டைப் அடிக்க ஆள் வைக்கக் கட்டுப்படியாகாமல், அத்தனை பக்கத்தையும் தாமே அடித்தார். 1954, 1955-ல் மூன்று பாகங்களாக வெளிவந்தது. முதல் பாகம் வந்தபோது வயது அறுபத்திரண்டு. அதைப் பிரசுரிக்கத் துணிந்தவர் யார்? ஒரு ஷில்லிங் வாங்கிய அந்த ரெய்னர்தான்! அதற்குள் பையன் வளர்ந்து, அப்பாவின் பதிப்பகத்தில் வேலை பார்க்கும் வாலிபனாகியிருந்தார்.

நமக்கு யார் இருக்கிறார்கள்?

"அவருக்கு வீட்டைப் பார்த்துக்கொள்ள மனைவி இருந்தாள். நமக்கு?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. ஈடித் அம்மாள் குடும்பத்தைத் தாங்கியிராவிட்டால் அந்த ராத்திரி நேரமும் அவருக்குக் கிடைத்திருக்காது.

ஆகவே ஒரு பெண்மணியையும் சொல்கிறேன். அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரில் வாழ்ந்த உர்சுலா லெ குவின், மூன்று குழந்தைகளுக்குத் தாய். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது, அவர்களைத் தூங்கவைத்த பிறகுதான் எழுத உட்காருவாராம். கணவர் சரித்திரப் பேராசிரியர். வீட்டுப் பொறுப்பில் பங்கெடுத்துக்கொண்டவர். அந்தக் காலத்தில் எழுதி 1968-ல் வெளிவந்ததுதான் 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' என்ற மந்திரவாதிச் சிறுவனின் கதை. வீட்டில் ஒருவர் தோள் கொடுத்தால் எவ்வளவு நடக்கிறது பாருங்கள்! இந்தப் பக்கத்தை உங்கள் வீட்டுக்காரரிடமும் நீட்டுங்கள்.

நாம் செய்யக்கூடியது

நானும் நாலு வருஷமாகக் குழந்தைகளுக்காக ஒரு மாயாஜாலக் கதை எழுதி வருகிறேன். பதினோரு அத்தியாயம் ஆகியிருக்கிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எழுதும் நோட்டு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பீரோவில் வைத்தால் எடுப்பதற்குள் நேரம் போய்விடும். என்னுடையது மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கம். குக்கர் நாலு விசில் விடுவதற்குள் ஐந்து வரி எழுதலாம்.

நிறுத்தும்போது, அடுத்தாற்போல் என்ன வரப்போகிறது என்று ஒரே ஒரு வரி குறித்து வையுங்கள். "யானை ஆற்றைக் கடக்கணும்" என்று குறித்திருந்தால் போதும். பத்து நாள் கழித்து வந்தாலும் திருதிருவென்று விழிக்க வேண்டாம்.

நேரமே இல்லாத நாளில் மனசுக்குள் எழுதுங்கள். துணி அலசும்போதும் கீரை ஆயும்போதும் கை வேலை செய்கிறது, மனசு சும்மாதானே இருக்கிறது? பாத்திரங்கள் பேசிக்கொள்வதை எனக்கு நானே சொல்லிப் பார்ப்பேன்.

கேட்க ஓர் ஆள் வேண்டும். என் நாத்தனார் பெண் லீவுக்கு வரும்போதெல்லாம், "அத்தை, அந்த யானை அப்புறம் என்னாச்சு?" என்று கேட்பாள். அதற்காகவே இரண்டு அத்தியாயம் எழுதியிருக்கிறேன்.

எழுதியதைக் கிழித்துப் போடாதீர்கள். டோல்கீன் ஆரம்பத்தில் எழுதியதையெல்லாம் திரும்பத் திரும்ப மாற்றினார். ஆனால் பழைய தாள்களை வைத்திருந்தார். அப்பா காலமான பிறகு, அந்தத் தாள்களை வைத்தே கிறிஸ்டோபர் பல புத்தகங்கள் கொண்டுவந்தார்.

டோல்கீன் ஒரு சிறுகதையும் எழுதினார். ஓர் ஓவியர் பெரிய மரம் ஒன்றை இலை இலையாக வரைந்துகொண்டிருப்பார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, பெண்டாட்டிக்குக் காய்ச்சல், டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பார். அலுத்துக்கொண்டே மழையில் போவார். படம் முடியவே முடியாது. ஆனால் கதையின் கடைசியில் வேறோர் இடத்தில் அதே மரம் நிஜமாகவே இலையும் கிளையுமாக அவர் எதிரில் நிற்கும்! படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மழையில் டாக்டரைத் தேடி ஓடுவது நாம் தினமும் செய்வதுதானே?

நிற்பது வேறு, விட்டுவிடுவது வேறு. காய்ச்சல்காரக் குழந்தைக்காக ஒரு மாசம் நோட்டைத் தொடாமல் இருந்தால் அது நிற்பதுதான். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். எறும்பு நடுநடுவே நின்றாலும், திரும்ப ஊர ஆரம்பித்தால் சரி. பாதியில் கிடக்கும் உங்கள் நோட்டை இன்றைக்கு எடுத்துப் பாருங்கள், ஒரு வரி எழுதுங்கள். மிச்சம் நாளைக்கு.