படகு மோட்டாரில் பொறி தப்பினால்

செண்பகத்தோப்பு அடிவாரத்து மாந்தோப்புகளில், கயிற்றை இழுத்து முடுக்கும் மருந்துத் தெளிப்பானைக் கையாண்டு பழகிய விவசாயி ஒருவர், கன்னியாகுமரிக் கடற்கரையில் வள்ளத்தின் பின்புறம் தொங்கும் மோட்டாரின் மூடியைத் திறந்து பார்ப்பாராயின், உள்ளே பொறி பிறக்கும் விதம் தமக்குப் பரிச்சயமானதே என்று உணர்வார். சிறிய படகு மோட்டார்கள் பலவற்றுக்குப் பாட்டரியே வேண்டுவதில்லை. சுழல் சக்கரத்தில் பதித்த காந்தங்கள் கம்பிச் சுருளைக் கடக்கும்போது உண்டாகும் மின்சாரம், சி.டி.ஐ. என்னும் பெட்டியில் சில நூறு வோல்ட்டாகச் சேமிக்கப்பட்டு, உரிய க்ஷணத்தில் இக்னிஷன் காயிலினுள் பாய்ந்து, பல்லாயிரம் வோல்ட்டாக உயர்ந்து, ஒரு மில்லிமீட்டர் அளவேயான பிளக்கின் இடைவெளியைத் தாண்டுகிறது.

இந்தச் சூக்ஷ்மமான ஏற்பாட்டுக்கு நம் கடற்கரையில் பிரதான சத்துருக்கள் இரண்டு: உப்பும் மண்ணெண்ணெயும். பெட்ரோலில் முடுக்கி மண்ணெண்ணெயில் ஓட்டும் மோட்டாரில், முழுதும் ஆவியாகாத எண்ணெய் கரியாகிப் பிளக்கின் பீங்கானில் படிய, மின்சாரம் இடைவெளியைத் தாண்டாமல் அக்கரி வழியே கசிந்துவிடுகிறது. கரை சேருமுன் சிறிது நேரம் பெட்ரோலில் ஓட்டி நிறுத்தும் வழக்கம் எவ்வளவு விவேகமானது!

மோட்டார் கிளம்பாவிடில், முதலில் மோட்டாரை நிறுத்தும் கில் சுவிட்சின் கிளிப் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பிளக்கைக் கழற்றினால், வெளிர் பழுப்பு நிறம் ஆரோக்கியத்தையும், கருமை கரிப்படிவையும், வெண்மை மிதமிஞ்சிய உஷ்ணத்தையும் காட்டும். கழற்றிய பிளக்கை அதன் ஒயரின் மூடியில் மாட்டி, அதன் உலோக உடலைப் பிளக் துவாரத்திலிருந்து விலக்கி, என்ஜினின் சுத்தமான உலோகத்தில் அழுத்திவைத்துக் கயிற்றை இழுக்க வேண்டும். துவாரத்தின் அருகே வைத்தால் எரிபொருள் ஆவி தீப்பற்றும், ஒயரை அந்தரத்தில் விட்டாலோ சி.டி.ஐ. பழுதாகக்கூடும். பொறி நீலமாய்ச் சுள்ளென்று பாய்ந்தால், குற்றம் பெரும்பாலும் எரிபொருள் பக்கம். மங்கினாலோ வராவிட்டாலோ, புதுப் பிளக் ஒன்றைப் போட்டுப் பார்த்தபின், பச்சை பூத்த இணைப்புகளையும் எர்த் ஒயரையும் சுரண்டிச் சுத்தம் செய்யலாம். அதன் பின்னரே காயில்களை மீட்டர் வைத்து அளக்க வேண்டும்.

சி.டி.ஐ. பெட்டியைச் சந்தேகிப்பது கடைசிப் படி. விலையுயர்ந்த அதை முதலிலேயே மாற்றச் சொல்பவரின் யோசனையை ஏற்க வேண்டாம். கடலுக்குப் புறப்படும் அன்பர்கள், ஈரம் புகாத டப்பாவில் இரண்டு புதுப் பிளக்குகளையும் ஒரு பிளக் ஸ்பானரையும் அவசியம் எடுத்துச் செல்வார்களாக.